மஞ்சள் டப்பா

“ஏனுங்கண்ணா, இந்த ரெண்டுல எதை வண்டிக்குள்ள போடப் போறீங்க?”

பிரித்துப் போட்ட புல்லட் என்ஜின் முன்னால் குந்தியிருந்த மெக்கானிக் சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார். அந்த வண்டிக்குச் சொந்தக்காரனான வெள்ளக்கடை ஊர் ஐயாக்கண்ணுவின் மனைவி ராசாத்தி நின்றிருந்தாள். பெஞ்சின் மேல் ஒரு மஞ்சள் டப்பா, ஒரு வெள்ளை டப்பா. இரண்டிலும் வால்வு ஸ்பிரிங்.

“மஞ்ச டப்பாதான் அம்மணி. பந்தயத்துக்குன்னே செஞ்ச ஹார்டு ஸ்பிரிங். உங்க ஊட்டுக்காரரு கோயமுத்தூர்ல இருந்து வரவழைச்சது. ஞாயித்துக்கிழமை கப்பு உங்க ஊட்டுக்குத்தான்.”

மலைப்பாதைப் பந்தயத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கரை வரை இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறிப்பார்கள். குறைந்த நேரத்தில் ஏறியவருக்குக் கப்பு.

“வெள்ளை டப்பாவைப் போடுங்கண்ணா.”

“அது சாதா ஸ்பிரிங். பால் கேன் கட்டிட்டுப் போற வண்டிக்குப் போடறது!”

“அதையேதான் போடச் சொல்றேன்.” ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போன வருசம் பதினேழாவது வளைவுல உழுந்து, காரை எலும்பு முறிஞ்சு, மூணு மாசம் கெடந்தாருங்க. நாந்தான் சோறு ஊட்டுனேன். இந்தத் தடவ என்ன முறியுமோன்னு நெனச்சா எனக்கு ஒறக்கமே வர்றதில்லைங்க.”

சென்றாயனுக்குச் சங்கடமாகிவிட்டது. எந்த என்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு கோத்துவிடுவார். அழுகிற பெண்ணைச் சமாளிக்க மட்டும் அவருக்குத் தெரியாது.

“செய்யற தொழிலுக்குத் துரோகம் பண்ணச் சொல்றீங்களே அம்மணி.”

“சாதா ஸ்பிரிங் போட்டா வண்டி நின்னுருமுங்களா?”

தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், சென்றாயனின் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“நிக்காது. வேகம் ஏற ஏற வால்வு படபடன்னு தொறந்து மூடோணும். ஸ்பிரிங் தெம்பா இருந்தாத்தான் சட்டுனு மூடும். சாதா ஸ்பிரிங்னா எவ்வளவு முறுக்குனாலும் ஒரு அளவுக்கு மேல வண்டி மூச்சு வாங்கும். மாரமங்கலத்துல உங்கண்ணன் அம்மாசியோட புல்லட்டும் ஸ்பிரிங் தளந்து அப்படித்தானே படுத்துச்சு. நான் பந்தயத்துக்குப் பண்ணிக் குடுத்த வண்டி! இப்ப எப்படி இருக்குது?”

“சாக்குப் போட்டு மூடிக் கெடக்குதுங்க. கோழி அதுமேல ஏறி முட்ட வைக்குது. அதை உடுங்கண்ணா. மூச்சு வாங்குனா எவ்வளவு நேரம் போகும்?”

“வளைவுல ஒண்ணும் தெரியாது. நேர் ரோட்டுல அஞ்சாறு செகண்டு போயிரும்.”

“அஞ்சாறு செகண்டு,” என்று ராசாத்தி மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “போனாப் போகட்டுமுங்க. உசுரு பெருசா, கப்பு பெருசா?”

அதற்கு மேல் சென்றாயனால் மறுக்க முடியவில்லை. வெள்ளை டப்பாவைப் பிரித்தார்.

ராசாத்தி நகரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கிளாம்பு வைத்து ஸ்பிரிங்கை அழுத்துவதையும் லாக்கு மாட்டுவதையும் கண் கொட்டாமல் பார்த்தாள். நான் எங்கே மனசு மாறிவிடுவேனோ என்று பயப்படுகிறாள், பாவம் என்று சென்றாயன் நினைத்துக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா, அவரே ஊட்டுல வச்சு இதை மாத்திக்க முடியுமுங்களா?”

“இந்தக் கிளாம்பு இருந்தா முடியும். இந்தப் பக்கத்துலயே இது எங்கிட்ட மட்டுந்தான் இருக்குது.”

“அப்ப அந்தக் கிளாம்பையும் மஞ்ச டப்பாவையும் எங்கிட்டக் குடுத்துருங்க. இங்க இருந்தா அவரு நைசாப் பேசி வாங்கிருவாரு. நான் பத்திரமா வச்சுக்கறேன்.”

எப்பேர்ப்பட்ட மனைவி என்று சென்றாயன் மெய்யாகவே உருகிப்போனார். இரண்டையும் துணிப்பையில் போட்டு அவரே அவள் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூட்டம் நெரிந்தது. ஐயாக்கண்ணு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான். அதுவரை வந்தவர்களில் அவன் நேரம்தான் குறைவு.

“நேர் ரோட்டுல வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குச்சுங்கண்ணா. ஆனாலும் கப்பு நமக்குத்தான்!” என்று சென்றாயனைக் கட்டிக்கொண்டான்.

சென்றாயனுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “அம்மணி வரலீங்களா?”

“அவளுக்கு வேடிக்கை பாக்கக்கூட பயமுங்க. புதன்கிழமையே அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா.”

கடைசி வளைவுக்கு அப்பால் இன்னொரு புல்லட்டின் சத்தம் கேட்டது. சென்றாயன் காதைத் தீட்டிக்கொண்டார். முறுக்க முறுக்க ஏறிக்கொண்டே வந்தது சத்தம். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை.

மைக் அலறியது. “கடைசி வண்டி வந்தாச்சு! ஐயாக்கண்ணுவை விட மூணு செகண்டு கம்மி! கப்பு இவங்களுக்குத்தான்!”

வண்டியின் கேரியரில் ஒரு கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய ராசாத்தி, வாயைப் பிளந்து நின்ற கணவனைத் தாண்டி நேராகச் சென்றாயனிடம் வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணா. உங்க கிளாம்பை நாளைக்கே கொண்டாந்து குடுத்தர்றேன்.”