ஒரு வார்த்த விடாம

மேடையில அம்மா பத்தாவது பாட்ட முடிச்சப்போ, கூட்டத்துல நின்ன அவ பத்தாவது விரல மடக்கினா.

இன்னும் ஒண்ணுதான்.

பத்துப் பாட்டுலயும் ஒரு வார்த்தகூடத் தப்பல. அம்மா வாயத் தெறக்குறதுக்கு அரை நொடி முன்னாடியே இவ அந்த வரிய உள்ளுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டு நின்னா. ஸ்கூல் பாடத்தக்கூட இவ்வளவு ஒழுங்கா மனப்பாடம் பண்ணதில்ல.

பழைய சினிமா தியேட்டர். சீட்டையெல்லாம் பிடுங்கிட்டு கச்சேரி நடத்துற இடமா மாத்தியிருந்தாங்க. சிந்தின கூல்ட்ரிங்க்ஸ் செருப்புக்கடியில பிசுபிசுன்னு ஒட்டுச்சு.

அம்மாவுக்குப் பகல்ல மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. மாசத்துக்கு ஒரு சனிக்கிழம வெள்ளிக் கோட்டும் சுருட்ட முடி விக்கும் மாட்டிக்கிட்டு, செத்துப்போன ஒரு பாடகியா மாறிடுவாங்க.

அவங்க குழு பண்றது ஒரே ஒரு கச்சேரிதான். முப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பாடகி பாடி, ரெக்கார்டா வந்து, வீட்டுக்கு வீடு ஓடின கச்சேரி. அத அச்சு அசலா அப்படியே பண்ணணும். மூணாவது பாட்டு முடிஞ்சதும் இடது கையால தண்ணி குடிக்கணும். ஏழாவது பாட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவ இருமணும்.

அந்த இருமலுக்கே பக்கத்துல நின்ன தாடிக்காரர், ஏதோ தன் புள்ள முதல் மார்க் வாங்கின மாதிரி பூரிச்சுப் போயிட்டாரு.

டிரம்ஸ் வாசிக்கிறது மாமா. அம்மாவோட தம்பி. குழுவ நடத்துறதும் அவர்தான்.

அவருக்கு விஷயம் தெரியாது.

போன மாசம் ஒருநாள் அம்மா அவளக் கூட்டிட்டுப் போக வந்து, வெயில்ல ஒரு மணி நேரம் காத்து நின்னாங்க. நின்னது, மூணு வருஷத்துக்கு முன்னாடியே அவ விட்டுட்ட பழைய ஸ்கூல் வாசல்ல.

அடுத்த வாரம் டாக்டர் தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு. பதினாறு வயசுப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்காளேன்னு சுத்தி வளைச்சுதான் ஆரம்பிச்சாரு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் மறந்து போற வியாதி. சில பேருக்கு இந்த வயசுலயே வரும். தனியா விடாதீங்க, வண்டி ஓட்ட விடாதீங்க, வீட்டுல பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லிடுங்க.

வீட்டுல பெரியவங்கன்னு அம்மாவ விட்டா யாரு இருக்கா.

திரும்பி வர்ற வழியிலயே அம்மா கண்டிஷன் போட்டுட்டாங்க.

"மாமாகிட்ட மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன். மேடையில ஒரு வார்த்த விட்டேன்னா அன்னைக்கு நீயே போய்ச் சொல்லு, போ."

சொல்லிட்டா அம்மாவ மேடையிலிருந்து எறக்கிடுவாங்க. சொல்லலைன்னா எரியுற அடுப்பு, தெறந்து கெடக்குற கதவு, எல்லாத்தையும் அவ ஒருத்தியே பாத்துக்கணும். மூணு வாரமா அவ சரியாத் தூங்கல.

பதினோராவது பாட்டு ஆரம்பிச்சுது. முதல் சரணம் சுத்தம்.

ரெண்டாவது சரணத்துல, பாதியில, கிட்டார் சட்டுனு நின்னுச்சு. கீபோர்டு நின்னுச்சு. மாமா ரெண்டு குச்சியையும் மடியில வெச்சுட்டாரு.

ஏதோ தப்பிடுச்சுன்னு அவ மேடை பக்கம் ஒரு அடி எடுத்து வெச்சா.

அம்மா மட்டும் நிறுத்தல. துணைக்கு ஒரு வாத்தியம் இல்லாம, மிச்சமிருந்த நாலு வரியையும் சுருதி பிசகாம, ஒரு வார்த்த விடாம பாடி முடிச்சாங்க.

அப்பாடான்னு இருந்துச்சு அவளுக்கு. கை தட்டவே போயிட்டா.

வேற யாரும் தட்டல.

சுத்தி நின்ன அத்தன பேரும் வாயத் தெறந்தபடி நின்னாங்க, பாடுறதுக்கு இழுத்த மூச்ச என்ன பண்றதுன்னு தெரியாம.

தாடிக்காரர் சம்சாரம் பக்கம் குனிஞ்சாரு.

"என்னடி இது, இந்தம்மா மறக்குறதுக்கே மறந்துட்டாங்க!"

அப்பதான் அவளுக்கு உறைச்சுது.

அந்த ரெக்கார்டுல, இதே இடத்துலதான் பாடகிக்கு வரி மறந்துபோச்சு. வாத்தியமெல்லாம் நின்னுபோச்சு. அந்தப் பாடகி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. கூட்டமே சேர்ந்து அந்த நாலு வரியையும் அவளுக்காகப் பாடுச்சு. கச்சேரி பேர் வாங்கினதே அதுக்காகத்தான். இன்னைக்கு வந்தவங்க டிக்கெட் வாங்கினதும் அந்த நாலு வரியத் தாங்களே பாடத்தான். ஒம்போது வருஷமா அம்மா அந்த இடத்துல மறக்காம மறந்து, வாயப் பொத்தி, சிரிச்சிருக்காங்க.

தப்பில்லாமப் பாடிடணுமேன்னு வேண்டிக்கிட்டதுல, இவளுக்கே அது ஞாபகம் வரல.

மாமா குச்சிய எடுத்துத் தாளத்தப் பிடிச்சாரு. மத்தவங்க சேர்ந்துக்கிட்டாங்க. பாட்டு ஓடுச்சு.

அம்மா மேடையிலிருந்து அவளக் கண்டுபிடிச்சு, கட்டவிரலத் தூக்கிக் காட்டினாங்க. மொகமெல்லாம் சிரிப்பு.

அவளும் கட்டவிரலத் தூக்கினா.

அம்மாவுக்குப் பின்னாடி, மாமா கை அதுபாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு மட்டும் கூட்டத்துல ஒவ்வொரு மொகமா நகர்ந்து, அவகிட்ட வந்து நின்னுச்சு. அக்காவத் தாடையால காட்டி, எல்லாம் சரிதானேன்னு புருவத்தத் தூக்கினாரு.

தூக்கின கட்டவிரல எறக்காமலே, அவ மாமாவப் பாத்து, இல்லைன்னு தலையாட்டினா.