வெளியே கேட்கும் சத்தம்

மூன்றும் ஒரே வண்டிதான் என்று மின்சாரக் கார் கடையில் விற்பனை பார்க்கும் யோருன் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே உடம்பு, ஒரே கதவு, ஒரே கண்ணாடி. உள்ளே இருப்பதுதான் வேறு.

கீழ் மாடலில் ஒரு மோட்டார். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் மற்ற இரண்டையும் விடத் தூரம் போகும். நடு மாடலில் இரண்டு மோட்டார், பனியில் பிடிமானம் அதிகம். டாப் மாடல் மூன்று விநாடிக்குள் நூறைத் தொட்டுவிடும்.

ஓட்வார் மூன்றாவதைச் சுற்றி வந்து, அதன் முன்பக்கம் குனிந்து எதையோ தேடினார். நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கப்பலில் கேப்டனாக இருந்து போன வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். ஓலசுன் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் அவர் கேப்டன்தான்.

வெள்ளிக்கிழமை யோருன்தான் கீழ் மாடலை அவரிடம் கொடுத்து, இரண்டு நாள் வீட்டில் வைத்து ஓட்டிப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தாள். இன்று காலை கடை திறந்ததும் சாவியை மேசையில் வைத்துவிட்டார். ஒரு குறையும் இல்லை, ஆனால் இது வேண்டாம் என்றார்.

இழுவை போதவில்லையா என்று கேட்டாள். நன்றாக இழுக்கிறது. சீட்? அதுவும் சுகம்தான். பிறகு என்ன?

“சத்தமே இல்ல.”

யோருன் சிரித்துவிட்டாள். சத்தம் இல்லை என்பதற்காகத்தான் மற்றவர்கள் வாங்குகிறார்கள்.

“அறுபது வயசு தாண்டினதும் வேகப் பைத்தியம் பிடிக்கிறவங்க இந்த ஊர்ல நிறைய. நீங்களுமா, கேப்டன்?”

டாப் மாடலில் மட்டும் வெளியே கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்களாமே, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அவள் வண்டியில் ஏறி அதைப் போட்டாள். அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம். மேசை மேல் இருந்த காபிக் கோப்பைகள் லேசாக அதிர்ந்தன. பட்டறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

ஓட்வார் கதவைத் திறந்து வெளியே போனார். ஒதுக்கி வைத்த பனிக்குவியலைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கையை மட்டும் உயர்த்தி இன்னொரு முறை என்று சைகை செய்தார்.

அவள் இன்னொரு முறை போட்டாள்.

திரும்பி வந்தபோது அவருடைய தொப்பியெல்லாம் பனி. கேட்கிறது என்றார். சன்னல் மூடியிருந்தாலும் கேட்குமா என்று விசாரித்தார். கேட்கும் என்றாள்.

யோருன் நல்ல பெண். தலையில் கட்டிவிட்டுப் போகத் தெரியாதவள். அவர் இருக்கும் தீவுச் சாலையில் எண்பதுக்கு மேல் போனால் கேமரா பிடித்துவிடும், இந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், நடு மாடலே தாராளம் என்று எடுத்துச் சொன்னாள். ஒரு ஸ்பீக்கருக்காக டாப் மாடல் எடுப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னாள்.

ஓட்வார் தொப்பியை உதறினார்.

“வீட்ல ஒருத்தி இருக்கா. நான் வர்றது அவளுக்கு வளைவுலயே கேக்கணும்.”

யோருனின் முகம் இளகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்பது போல் அவரைப் பார்த்தாள்.

“கேட்டதும் எந்திரிச்சு வந்துருவாங்களா?”

“கேட்டதும் எந்திரிச்சிருவா,” என்றார் ஓட்வார்.

டாப் மாடலுக்கே ஆர்டர் போட்டாள்.

அந்த ஒருத்தி அவர் மகள் மாரென். அம்மாவின் கடைசி நாட்களில் வந்தவள், அம்மா போன பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீட்டில் அம்மாவின் பங்கு இப்போது அவளுடையது. அம்மா சாகக் கிடந்தபோது கப்பலிலிருந்து அவரைக் கரைக்கு அழைத்துவர ஹெலிகாப்டர் தயாராக இருந்தும் அவர் ஏறவில்லை. சரக்கு இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து மாரென் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையும் போட்டதில்லை. அவருடைய பழைய டீசல் வண்டி படகுக் கொட்டகை வளைவில் திரும்பும்போதே எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். அவர் உள்ளே வரும்போது சமையலறை காலியாக இருக்கும். இரண்டு குளிர்காலம் அப்படியே போனது.

சனிக்கிழமை மதியம், யோருன் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் அவர் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். வண்டி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. முன்கூடத்தில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மாரென் போனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. இந்த வண்டியை வாங்கினால் தினமும் இதைக் கேட்கலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

அவள் திரும்பினாள்.

அடுப்பில் வாஃபிள் கருகிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் போனைக் கீழே இறக்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவர் நகர்வதற்காகக் காத்து நின்றாள். புயலில் கப்பல் மேல்தளத்தில் மாட்டிக்கொண்ட புது ஆட்களிடம் அவர் பார்த்திருக்கிற முகம் அது. தன்னைப் பார்த்து ஒருவருக்கு அப்படி ஒரு முகம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

பிப்ரவரியில் புது வண்டி வந்தது. முதல் நாள் மாலை, கொட்டகை வளைவுக்கு வருவதற்கு முன்பே அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். வளைவில் திரும்பியதும் சமையலறைச் சன்னலில் மாரென் தலையை நிமிர்த்துவது தெரிந்தது. அவள் பதறவில்லை. அடுப்பை அணைத்தாள், தட்டை எடுத்துக்கொண்டாள், போனாள்.

மாடி அறையில் விளக்கு எரியத் தொடங்கும்வரை ஓட்வார் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.