தங்கமணி பேருக்கு ஒரு சீட்டு

அடுத்தவர் பேருக்கு வந்த கவரைப் பிரிக்கக் கூடாது என்று கமலாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் பிரித்தாள்.

கொச்சியிலிருந்து வந்த கவர். மூலையில் குட்டியாக ஒரு விமானப் படம். அனுப்பியவர் ஆதிமூலம், கமலாவின் ஓரகத்தி தங்கமணிக்கு அண்ணன். தங்கமணியோ காலையிலேயே கள்ளக்குறிச்சிக் கடைக்குப் போய்விட்டாள்.

உள்ளே இங்கிலீஷில் ஒரே ஒரு சீட்டு. கமலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த போஸ்ட்மேன் வீரமுத்துவிடமே நீட்டினாள்.

"இன்னா எழுதியிருக்குது, பாரு."

"சின்னவங்க பேருக்கு வந்ததாச்சே?"

"ஒரே வூடுதான. படி."

"ஏரோப்ளேன் டிக்கெட்டுக்கா. கொச்சிலேர்ந்து லட்சத்தீவு. பேரு தங்கமணி. வர்ற பதினாறாம் தேதி. ரிசர்வேஷன் ஆயிடுச்சு."

"அங்க இன்னா இருக்குதாம்?"

"சுத்தி கடலு, நடுவுல தென்னமரம். வெள்ளக்காரனுங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போறானுங்களாம். குடுத்து வச்சவங்க."

அந்தக் கடைசி வார்த்தை கமலாவுக்குச் சுருக்கென்றது.

"ரிசர்வேஷன் வேணும்னு ஊரே ரோட்டுல உக்காந்துகினு இருக்குது. மகாராணிக்கு மட்டும் வூடு தேடி வருது பாரு."

"அது வேலைக்கும் படிப்புக்கும் கேக்கற ரிசர்வேஷன்க்கா. இது வேற."

"எதுவா இருந்தா இன்னா? எனக்கு ரெண்டும் வரல."

வீரமுத்து சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தான். கமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வயிறு எரிந்தது. ஏழு வருஷமாக எரிகிற வயிறுதான். தங்கமணி இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நல்லதெல்லாம் அவளுக்கே நடப்பதாக கமலாவுக்கு ஒரு கணக்கு. குக்கர் முதலில் வந்தது அவள் அடுப்படிக்கு. மாமனார் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவளை. இப்போது ஏரோப்ளேன்.

அதுவும் எந்த ஊருக்கு? போன மாசம் கமலாவின் தம்பி ராசு கிளம்பினானே, அதே தீவுக்கு.

ராசு என்பது கமலா வைத்த பேர். அம்மா இல்லாத பிள்ளை, அவள் இடுப்பில் வளர்ந்தவன். தீவில் கரண்ட் எடுக்கிற டீசல் மிஷினுக்கு மெக்கானிக் வேலை, ஆர்டரே வந்துவிட்டது. கொச்சியில் கப்பலைப் பிடிக்க சேலம் பஸ் ஏறின அன்றைக்கென்று அந்த ரிசர்வேஷன் மறியல். புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டது கமலாவின் வீட்டுக்காரன்தான், அது வேறு விஷயம். கப்பல் போய்விட்டது, வேலையும் போய்விட்டது என்று கமலா மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். ராசு இப்போது வெள்ளிமலை ஜீப்புக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

அவன் மிதிக்க வேண்டிய மண்ணை இவள் சுற்றிப் பார்க்கப் போகிறாளாம்.

சாயங்காலம் கமலா பின்கட்டில் வெந்நீர் அடுப்பை மூட்டிவிட்டு முன்பக்கம் வந்தபோது தங்கமணி வந்து சேர்ந்தாள். கையில் புத்தம் புதுசாக ஒரு பெட்டி.

"அக்கா, தபால் எதுனா வந்துதா?"

"வரல."

"கொச்சிலேர்ந்து ஒண்ணும் வரலியா?"

"வந்திருந்தா நானா தின்னுடப் போறேன்?"

தங்கமணியின் முகம் வாடியது. அதைப் பார்க்க கமலாவுக்குத் தித்திப்பாக இருந்தது. ஆனால் கண் என்னவோ அந்தப் பெட்டியிலேயே நின்றது. பளபளவென்று பூட்டு வேறு. பின்கட்டுக்குப் போனாள், இடுப்பிலிருந்து சீட்டை எடுத்தாள், அடுப்பில் செருகினாள். கவரும் போனது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மனசு லேசானது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பார்த்தால் ராசு.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம?"

"சின்னக்கா ஆளு வுட்டு வரச் சொன்னாங்க." அவன் பார்வை பெட்டிமேல் விழுந்தது. "இது எனக்கா சின்னக்கா?"

"உனக்குத்தான். இனிமே எங்க மறைக்கிறது?" என்றாள் தங்கமணி. கமலாவின் பக்கம் திரும்பினாள். "கோச்சிக்காதீங்கக்கா. கம்பெனிக்காரன் தம்பி வேலைல சேர இருபதாம் தேதி வரைக்கும் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள கப்பல் இல்ல. எங்க அண்ணன் நாலு நாளு ஆபீஸ் வாசல்ல நின்னு தம்பிக்கு ஏரோப்ளேன்ல இடம் புடிச்சிருக்குது. குட்டி ஏரோப்ளேனு, பதினெட்டு பேருதான் போவ முடியும். இத வுட்டா ஒரு மாசத்துக்கு எடமில்லியாம்."

கமலாவின் கை இடுப்புக்குப் போனது. அங்கே சீட்டு இல்லை.

"டிக்கெட்ட கையில வாங்கினப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். போன தடவ மாதிரி தட்டிப் போச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்க. இன்னிக்கு வந்திருக்கணும், பரவால்ல, நாளைக்கு வந்துடும்."

"டிக்கெட்டு..." கமலா பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். "யாரு பேருக்கு வரும்?"

"தம்பி சர்ட்டிபிகேட்டுல இருக்கற பேருக்குத்தான். நீங்களே மறந்துட்டீங்களா?" தங்கமணி சிரித்தாள். "நான் வாழ வந்த அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க, இவ பேரச் சொல்லி என் தம்பியக் கூப்புட மாட்டேன், இன்னியிலேர்ந்து இவன் ராசுன்னு."

தங்கமணி ராசுவின் பக்கம் திரும்பினாள்.

"போ தம்பி, மலையிலேர்ந்து வந்த அலுப்பு. குளிச்சிட்டு வா. அக்கா வெந்நி போட்டு வச்சிருக்காங்க."

ராசு துண்டை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"வெந்நி நல்லா சூடா இருக்குதுக்கா."