சட்டைப்பையில் ஒரு பெட்டி

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காதை மூடி மஃப்ளர் சுற்றிய குணசீலனின் சட்டைப்பையில் காதுமிஷின் பெட்டி துருத்திக்கொண்டிருக்கிறது. சண்டை வந்தால் மிஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவது அவர் வழக்கம். நேற்றைய சண்டையில் கழற்றிய மிஷின் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று நம்பிய துணிச்சலில், கூட நடக்கும் மனைவி ரெஜினா தண்ணீரைப் பார்த்துப் பேசுகிறாள். "மிஷின் இல்லன்னா நீ வெறும் செவுருன்னு நேத்து சொன்னது தப்புதான்யா. அது வந்தப்புறந்தான் என் பேச்சுக்கு பதில்னு ஒண்ணு வந்துகினு கீது. அத்த செஞ்சவன் நல்லா இருக்கணும்." நாணலுக்குள் ஒரு நாமக்கோழி கத்துகிறது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறார் குணசீலன். அவள் நின்றுவிடுகிறாள். அவர் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், காலி. "நேத்து நான் கழட்டவே இல்லம்மே," என்று சிரிக்கிறார். மஃப்ளரோடு சேர்த்து அவர் காதைத் திருகப் போன அவள் கை, மிஷின் இருக்கும் இடம் வந்ததும் மெதுவாகிறது.