முன்வரிசைக் கேள்வி

உடைந்த குழாயைச் சரிசெய்து ஒரு வாரமாகியும், அந்தப் பகுதியில் யாரும் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. பயத்தைப் போக்கக் கூட்டம் போட்டார் குடிநீர் வாரிய இன்ஜினியர்.

"பரிசோதனை பண்ணிப் பார்த்தாச்சு. தாராளமா குடிக்கலாம்" என்று அவர் முடிக்கப் போனபோது, முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். இன்ஜினியர் மைக்கை மறுபடியும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"மருந்து வாடை குப்புன்னு அடிக்குதே, சார்?"

"நல்ல கேள்வி மேடம். கிருமியைக் கொல்ற குளோரின் வாடை அது. கொஞ்ச நேரம் திறந்து வெச்சா போயிடும்."

"காலையில பழுப்பா வருதே?"

"குழாய்ல தங்கின துரு மேடம். தெளியற வரைக்கும் திறந்து விடுங்க. தெளியலைன்னா குடிக்காதீங்க, எனக்கு போன் பண்ணுங்க."

அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "நீங்க குடிப்பீங்களா?"

கூட்டமே இன்ஜினியரைப் பார்த்தது. அங்கிருந்த குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தார். கைதட்டல் எழுந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்த அம்மாள் உரிமையோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஊர் முன்னாடி புருஷனை இப்படியா வறுத்தெடுப்பே? வீட்லயே கேட்டிருக்கலாம்ல?"

"வீட்லயா? ஒரு வாரமா கேக்கறேன், செல்போனை விட்டு நிமிராம 'உம்'ங்கறீங்க. இங்கதானே 'நல்ல கேள்வி மேடம்'னு பதில் வருது!" அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த கூட்டம் எப்பன்னு சொல்லுங்க. நம்ம பாத்ரூம் குழாய் ஒழுகறதைப் பத்தி ஒரு கேள்வி பாக்கி இருக்கு."