பல்லாவரத்தில் ரயில் இல்லை

“அப்பா, இன்னிக்குப் பூரா அந்த லைன்ல ரயில் கிடையாதாம். தண்டவாள வேலையாம். இப்பதான் போன்ல பார்த்தேன்” என்றாள் தமிழரசி.

“ஆமா தாயி. பல்லாவரம் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன். ஈ காக்கா இல்ல” என்றார் தம்பையா.

ஏழு மணிக்குள் அவர் எழும்பூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். நாளை மறுநாள் ஆபரேஷன். இன்று தவறினால் அடுத்த தேதி எப்போதோ. வயிற்றுக் கட்டி அதுவரை காத்திருக்காது என்று போர்ட் பிளேர் டாக்டர் சொல்லியிருந்தார்.

“லைன்லயே இருங்கப்பா. ஏக் மினிட்.”

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் மங்கிக்கொண்டு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து ட்யூப்லைட்டைப் போட்டாள்.

“அஞ்சு மணிக்கே லைட்டா?” பக்கத்து மேஜை ஷீலா சிரித்தாள். பெரம்பூர்க்காரி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகியும் இந்த ஊர் அவளுக்குப் பழகவில்லை. “உங்க அந்தமான் சூரியன் ஹாஃப் டே லீவாக்கா? எங்க ஊர்ல பசங்க இப்பதான் கிரிக்கெட் ஆடவே இறங்குவாங்க.”

தமிழரசியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விஷயத்தைக் கேட்டவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரயில் இல்லன்னா என்னக்கா, மெட்ரோ இருக்கே. பஸ் பிடிச்சு ஏர்போர்ட் போகச் சொல்லு. அங்க மெட்ரோ ஏறினா நேரா சென்ட்ரல். அப்புறம் ஆட்டோ.”

தமிழரசி அப்படியே சொன்னாள்.

“அது பூமிக்கு அடியில போறதாமே தாயி. எனக்கு மூச்சு முட்டும்.”

“அப்ப எழும்பூர் பஸ்ஸுப்பா.”

“ரயில்ல போற சனமெல்லாம் பஸ்ஸுலதான் தொங்குது. வயித்த வலிச்சுக்கிட்டு நான் எங்க தொங்குறது?” போனில் ஒரு ஹாரன் நீளமாக அலறி அடங்கியது. “பாரு, அந்த பஸ்ஸும் போச்சு.”

எதைச் சொன்னாலும் ஒரு மறுப்பு. தமிழரசிக்கு அழுகை முட்டியது. அவர் சம்மதித்ததே பெரிய பாடு. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா வேலாயியை இதே நோய்க்குச் சென்னைக்குத்தான் கூட்டிப்போனார்கள். திரும்பி வருகையில் கப்பலில் தம்பையா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். “போறப்ப நடந்து போனா. வர்றப்ப மடியில வர்றா.” மடியில் துணி கட்டிய சின்னப் பானை இருந்தது.

தனக்கும் கட்டி என்று தெரிந்ததும், “நான் இங்கேயே இருந்துக்கிறேனே தாயி” என்றுதான் சொன்னார். இவள் சோறு தண்ணி இல்லாமல் அழுத பிறகு ஒருநாள் காலையில், “டீக் ஹை, போறேன்” என்றார். தன் ஊர் ஹட் பேயில் இருந்து படகேறி, போர்ட் பிளேர் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வந்து இறங்கினார். “நான் சென்னைக்குக் கப்பல்ல முன்னாடி போயி, பல்லாவரத்துல தெரிஞ்சவங்க வீட்டுல தங்கிக்கிறேன். நீ ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஃபிளைட்ல வந்துடு” என்றார். ஹார்பர் கேட்டைத் தாண்டிப் பயணிகளை மட்டும்தான் விடுவார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் பையோடு திரும்பி நின்று, கண்ணில் மறையும்வரை கையாட்டினார். நாளைக் காலை ஃபிளைட்டுக்கு இவள் பை கட்டி வைத்தாயிற்று.

“அக்கா, அழாத. எங்க அண்ணன் குரோம்பேட்டையிலதான் வேலை செய்றான்.” ஷீலா அதற்குள் தன் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். “டேய், ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில விடணும். உடனே கிளம்பு. கூலிங் கிளாஸெல்லாம் அப்புறம் தேடலாம், வண்டிய எடு!”

தமிழரசிக்கு உயிர் வந்தது.

“அப்பா! ஷீலாவோட அண்ணன் பைக்ல வர்றார். பத்து நிமிஷத்துல அங்க இருப்பார். நீங்க எங்கயும் நடக்க வேணாம்.”

போனில் ஏதோ இரைச்சல்தான் கேட்டது.

“அப்பா?”

“எதுக்குத் தாயி அந்தப் புள்ளைக்குச் சிரமம்...”

“சிரமம் ஒண்ணும் இல்ல. என்ன சட்டை போட்டிருக்கீங்க? அடையாளம் சொல்லணும்.”

“வேணாம்மா.”

“சொல்லுங்கப்பா!”

“இந்தக் கும்மிருட்டுல அவருக்குச் சட்டை எங்க தெரியப்போவுது?” தம்பையாவின் குரல் கெஞ்சியது. “இங்க விளக்குகூட இன்னும் போடல தாயி. இன்னிக்கு விட்டுடு.”

“வண்டிய எடுத்துட்டேன், வெயில் கண்ணக் கூசுது, ஸ்டேஷன்ல எங்க நிக்கிறாரு?” என்று ஷீலாவின் போனில் அவள் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஷீலாவின் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே பஜார் முழுக்க விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால்.

தமிழரசி தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்பா, இங்க எந்த ஜெட்டியில இருக்கீங்க?”