அஞ்சு மணிக்குப் போனவர்

தொழிலாளர் ஆபீஸ் மாடிப்படியில் வினிதாவைப் பார்த்ததும் இருதயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் சுப்புராஜுக்குப் பின்னால், லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, தலையைத் தூக்காமல் ஏறி வந்தாள் அவள். கம்பெனித் தரப்புச் சாட்சி.

"உன்னிய அந்தக் கம்பெனில சேத்துவுட்ட மனுசன்மா அது. நீ நல்லாரு" என்றாள் இருதயம்மாள்.

வினிதா சுவரோரமாக ஒதுங்கி மேலே போய்விட்டாள்.

ராயபுரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த பெண்ணுக்கு, தான் வேலை பார்த்த திருவொற்றியூர் இரும்பு யார்டில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கிக் கொடுத்தவர் இருதயம்மாளின் புருஷன் சைமன். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர் முழுக்க இப்போது அவள் பொறுப்பு. நம்ம தெருப் பொண்ணு, நம்ம தெருப் பொண்ணு என்று சைமன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த சைமன் மேல்தான் கிரேனிலிருந்து இரும்புத் தகடு சரிந்து விழுந்தது. இருட்டுகிற நேரம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் போன் செய்திருந்தார். ஒரு லாரி லோடுக்காக நிற்கிறது, சுப்புராஜ் சார் ஓவர்டைம் பார்க்கச் சொல்லிவிட்டார், மீனைக் கழுவி மசாலா தடவி வை, வந்து நானே வறுக்கிறேன் என்றார். இருதயம்மாள் தடவி வைத்த மீன் மறுநாள் வரைக்கும் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொட்டினாள்.

கம்பெனி சொன்னது வேறு. சைமன் அஞ்சு மணிக்கே வருகைப்பதிவு மிஷினில் விரல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்திருக்கிறார். அந்தப் பக்கம் காப்பர் ஒயர் கிடந்தது. மீதியை எங்கள் வாயால் சொல்ல வேண்டாம். அஞ்சு மணி என்று மிஷினிலேயே பதிவாகியிருக்கிறதே என்றார் சுப்புராஜ். அப்போது கூட இருந்த இரண்டு காண்ட்ராக்ட் ஆட்களையும் வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

நஷ்டஈடு கிடைக்காததுகூட இருதயம்மாளுக்குப் பெரிதாகப் படவில்லை. காசிமேட்டில் இறால் உரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குரலைத் தாழ்த்தி, "நெசமாவே ஒயரு எடுக்கவாக்கா போச்சு அண்ணன்?" என்று கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் அம்மு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

வினிதா ஒருத்தி வாயைத் திறந்தால் போதும் என்று இருதயம்மாள் நம்பினாள். போன் போட்டாள், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள், பொண்ணு இல்லை என்றாள் அவள் அம்மா. வாசலில் வினிதாவின் செருப்பு கிடந்தது.

அடக்கத்துக்கு வந்தபோதுகூட வினிதா கல்லறைத் தோட்டத்து கேட் பக்கமே நின்றுவிட்டுப் போயிருந்தாள். பிறகு, கம்பெனியில் அவளுக்குப் பதவி உயர்வு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இருதயம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நஷ்டஈடு விசாரணைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். கம்பெனி தரப்பையும் இருதயம்மாளையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"சைமன் எத்தனை மணிக்கு வெளியே போனதா பதிவாகியிருக்கு?"

"அஞ்சு மணி, மேடம்" என்றாள் வினிதா.

சுப்புராஜ் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். இருதயம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வினிதா லேப்டாப்பை அதிகாரி பக்கம் திருப்பினாள்.

"ஆனா அதை அவர் பதியலை, மேடம். விரல் வெச்சுட்டுப் போறவங்க பேருக்கு நேரா ஒரு பச்சைப் புள்ளி விழும். இதுல இல்லை, பாருங்க. போகும்போது யாராவது விரல் வைக்கலைன்னா, ஷிப்ட் முடியற அஞ்சு மணியை சாஃப்ட்வேரே போட்டுக்கும். மறந்துட்டுப் போறவங்களுக்கு அன்னைக்குச் சம்பளமே இல்லாமப் போச்சு. பாவமா இருந்துச்சு. நான்தான் அந்த ரூலைப் போட்டேன்."

அன்றைக்கு மட்டுமில்லை, மற்ற நாட்களில் மறந்துபோன மற்றவர்களுக்கும் இதே அஞ்சு மணி புள்ளியில்லாமல் விழுந்திருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

சுப்புராஜ் எழுந்துவிட்டார். இத்தனை நாள் இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே இதை அழிக்கச் சொல்லியிருப்பீங்க சார். அக்காகிட்ட சொல்லியிருந்தா, அவங்க நேரா உங்ககிட்டதான் வந்து கேட்டிருப்பாங்க."

அப்போதுதான் அவள் முதல்முறையாக இருதயம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ நாள் தூங்காத கண்கள். இருதயம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"அப்போ சைமனும் அன்னைக்கு விரல் வைக்க மறந்துட்டார். அப்படித்தானே?"

"மறக்கலை மேடம்" என்றாள் வினிதா. "உள்ளேயே செத்துப்போனவர் எப்படி வந்து விரல் வைப்பார்?"